கூத்தின் தொடக்கம்: மகளின் பள்ளி ஒப்படைப்புக்கு ஒரு யோசனை

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் உங்கள் மகள், நாடகத்தின் தோற்றம் பற்றிய ஒப்படைப்பில், நாடகம் கிரேக்கத்தில் மதுவின் கடவுளான டயோனைசஸின் விழாவில் பிறந்தது என்று மட்டும் எழுதியிருப்பதாகவும், அதில் தமிழ்ச் சான்றை எங்கே சேர்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். கிரேக்கப் பகுதி தவறன்று, அதைச் சுருக்கிக்கொள்ளலாம்.

தமிழுக்கு, முருகனின் பூசாரியான வேலன் அருள்வந்து ஆடும் வெறியாட்டைத் தொட்டுவிட்டு, சிலப்பதிகாரத்தில் இடைக்குலப் பெண்கள் ஆடும் ஆய்ச்சியர் குரவையில் நிற்கச் சொல்லுங்கள். குடத்துப் பால் உறையாமலும் உறியின் வெண்ணெய் உருகாமலும் போன தீய நிமித்தங்களைக் கண்ட இடைக்குல மூதாட்டி மாதரி, கேடு நீங்க ஏழு பெண்களை நிறுத்தி, ஒருத்தியை மாயவன், ஒருத்தியை பலராமன், ஒருத்தியை நப்பின்னை எனக் கொண்டு ஆடவைக்கிறாள். வேண்டுதலாகத் தொடங்கிய ஆட்டத்துக்குள் பாத்திரமும் கதையும் நுழையும் இடம் இதுதான். என் பார்வையில் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே காப்பியத்தின் அரங்கேற்று காதையோ, கோல் என்னும் பழைய நீட்டலளவையில் எட்டுக் கோல் நீளமும் ஏழு கோல் அகலமும் ஒரு கோல் உயரமும் கொண்ட மேடையையே அளந்து காட்டுகிறது.

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முன் மகாபாரத நிகழ்வுகள் சடங்காக நடித்துக் காட்டப்படுவதை அவள் நேரில் பார்த்து எழுதலாம். ஆவிகளுக்குரியதாகச் சீனர்கள் கருதும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் நடக்கும் கூத்துகளில் ஆவிகளுக்காக முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுவதையும் ஒரு வரியில் ஒப்பிடலாம்.