சாரத்தில் நின்ற இரண்டு பேர்

அன்புள்ள ஐயா,

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். பதினாறு வருடமாகப் பெயின்டர் வேலை. எங்கள் ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் நடப்பதை வைத்து ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். நான் ஊர்த்தெருக்காரன். திருவிழாவில் போடக் கேட்டதற்கு, "இப்பதான் சண்டை சச்சரவு இல்லாம இருக்கு, எதுக்குப் புண்ணக் கிளறுற?" என்று கமிட்டியில் மறுத்துவிட்டார்கள். ராஜா கதையாக மாற்றினால் போடலாமாம். காலனி நண்பரோ, "எங்க கஷ்டம் ஒனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். பிரதியைப் படித்துவிட்டு ஒரு வழி சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

இரண்டு தடவை படித்தேன். படிக்கும்போதே இன்னொரு பெயின்டர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரம். சாம் தாம்சன் அங்கே 1916-ல் பிறந்தவர். அப்பா தெருவிளக்கு ஏற்றுகிறவர். பையன் 14 வயதில் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் பெயின்டர் வேலை பழகப் போனான். டைட்டானிக்கைக் கட்டிய தளம் அது. புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர் என்று அந்த ஊரே இரண்டாகக் கிடந்தது. தெரு வேறு, பள்ளிக்கூடம் வேறு. தளத்தில் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் தொழிலாளிகள். 1920 ஜூலையில் கத்தோலிக்கத் தொழிலாளிகளை ஆயிரக்கணக்கில் அங்கிருந்து அடித்து விரட்டினார்கள். கூடவே, தொழிற்சங்கம், சோஷலிசம் என்று பேசிய சொந்தத் தரப்பு ஆட்களையும் 'அழுகின புராட்டஸ்டன்ட்' என்று பெயர் வைத்து விரட்டினார்கள். உங்களை இப்போது கமிட்டியில் என்ன பெயர் சொல்லிப் பேசுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஊகிக்க முடிகிறது.

தாம்சன் புராட்டஸ்டன்ட். சங்கத்துக்காரர். நாற்பது வயது வாக்கில்தான் எழுத வந்தார். அவர் கதை சொல்லுகிற விதத்தைக் கேட்ட ஒரு வானொலித் தயாரிப்பாளர், 'இதையெல்லாம் எழுதுங்கள்' என்று பிடித்து உட்கார வைத்தார். பி.பி.சி.க்காக முதலில் எழுதியதே பெயின்டர் பையனாக வேலை பழகிய கதைதான். அப்புறம் 'ஓவர் த பிரிட்ஜ்' நாடகம். தளத்தில் ஒரு வெடிவிபத்து. பழி கத்தோலிக்கர்கள் மேல் விழுகிறது. பீட்டர் ஓ'பாயில் என்ற கத்தோலிக்கத் தொழிலாளியை வெளியே போகச் சொல்லிக் கும்பல் நிற்கிறது. அவன் போக மறுத்து வேலைக்குத் திரும்புகிறான். டேவி மிட்செல் என்ற வயதான புராட்டஸ்டன்ட் சங்கத்துக்காரர் அவன் பக்கத்தில் போய் நிற்கிறார். கும்பல் அடித்ததில் டேவி செத்துப்போகிறார்.

'நீங்க இதக் கையாலகூடத் தொட மாட்டீங்க' என்கிற தோரணையில்தான் பெல்ஃபாஸ்ட் குரூப் தியேட்டர் இயக்குநர் ஜேம்ஸ் எல்லிஸிடம் பிரதியைக் கொண்டுபோனாராம். எல்லிஸ் தொட்டார். 1959-ல் ஒத்திகை நடக்கும்போது அரங்கின் நிர்வாகக் குழு குறுக்கே விழுந்தது. வசனங்களை வெட்டச் சொன்னது. மதச் சண்டை, அரசியல் சண்டையெல்லாம் கேட்டு ஜனங்கள் சலித்துவிட்டார்கள், இது எல்லார் மனதையும் புண்படுத்தும் என்றது. உங்கள் கமிட்டி சொன்னதும் இதேதான். தாம்சன் வெட்டவில்லை. எல்லிஸ் வேலையை உதறிவிட்டு வந்தார். இரண்டு பேரும் தனியாகக் குழு சேர்த்து 1960 ஜனவரியில் எம்பயர் தியேட்டரில் நாடகத்தைப் போட்டார்கள். ஆறு வாரத்தில் 42,000 பேர் பார்த்தார்கள். சலித்துப்போனதாகச் சொல்லப்பட்ட அதே ஜனங்கள்!

சரி, ராஜா கதை. மறைத்துச் சொல்வது நம் மதுரை மேடைக்குப் புதிதில்லை. திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ் வள்ளி திருமணத்துக்குள்ளேயே வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடினார், திரும்பத் திரும்ப ஜெயிலுக்கும் போனார். ஆனால் அங்கே எதிரி வெளியே இருந்தான். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம், கொக்கு யார் என்று குழந்தைக்கும் தெரியும். நீங்கள் சொல்ல வருவதோ எதிரே உட்காரப்போகிறவர்களைப் பற்றி. ராஜாவுக்குக் கிரீடம் வைத்த உடனே, அது வேறு யாரோ என்று நிம்மதியாகக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதே தாஸ் முடிதிருத்தும் மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதால் அவருக்கு ஜோடியாக நடிக்க நடிகைகள் மறுத்தார்கள். கே.பி. ஜானகி அம்மாள் துணிந்து நடித்தார். வெள்ளைக்காரனை எதிர்த்த அந்த மேடைக்குள்ளேயே இதுவும் இருந்தது. இதைக் கொக்கு வைத்துச் சொல்ல முடியாது, மாற்றாதீர்கள்.

நண்பர் கேட்ட கேள்விதான் பெரியது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உங்கள் பிரதியில் காலனி ஆட்கள் நீளநீளமாக அழுகிறார்கள், அதில் ஒரு வரிகூட எனக்கு ஒட்டவில்லை. தாம்சன் ஓ'பாயிலுக்காக அழவில்லை. தனக்குத் தெரிந்த சங்க அறையை, அங்கே விதி பேசும் ஆட்களை, கும்பலைப் பார்த்ததும் ஒதுங்குகிறவர்களை எழுதினார். எல்லாம் அவருடைய ஆட்கள்.

உங்கள் மூன்றாம் காட்சிக்கு வாருங்கள். கோயில் முகப்புக்குச் சாரம் கட்டியிருக்கிறது. நீங்களும் காலனி நண்பரும் மேலே. ஒருவர் பட்டி பார்க்க, ஒருவர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். வெள்ளைத் தூசி இரண்டு பேர் தலையிலும் ஒன்றுபோல விழுகிறது. துவாரபாலகர் கண்ணுக்கு அவர்தான் கருப்பு வைக்கிறார், கை நடுங்காத ஆள் என்பதால். மறுநாள் சாரத்தைப் பிரிக்கிறார்கள், கொடியேறுகிறது. அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, தான் வைத்த கண்ணைப் பார்க்கிறார். இதை எட்டே வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் பஞ்சாயத்துப் பேச்சுக்குப் போய்விட்டீர்கள். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது தம்பி. அந்த எட்டு வரிதான் நாடகம்.

கொடியேறும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்? பிரதியில் இல்லை. உள்ளேதான் நின்றிருப்பீர்கள், திருநீறு வாங்கியிருப்பீர்கள், வெளியே பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கூட இருந்திருக்கலாம். அதை எழுதுங்கள், அது உங்களுக்குத் தெரியும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தாம்சனுக்கு அதிக நாள் வாய்க்கவில்லை. 1963-ல் இன்னொரு நாடகம் மேடையேறியது. தேர்தல் தில்லுமுல்லு பற்றித் தொலைக்காட்சிக்கு எழுதியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1965 பிப்ரவரியில் வட அயர்லாந்து தொழிலாளர் கட்சி அலுவலகத்தில் மாரடைப்பால் இறந்தார், வயது 48. அந்த நாடகம் அதற்குப் பிறகுதான் ஒளிபரப்பானது.

அழுகை வசனங்களை எடுத்துவிட்டு, மூன்றாம் காட்சியை முதலில் வைத்துத் திரும்ப எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்ப வேண்டாம், முதலில் அந்த நண்பருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு மதுரைக்கு வாருங்கள். மேடைக்கு இங்கே இடம் பார்க்கலாம். திருவிழாப் பந்தல்தான் வேண்டும் என்றில்லை. அவரையும் கூட்டி வந்தால் சந்தோஷப்படுவேன்.