வைகாசிக் கத்தரிக்கு டானிக் எதற்கு?

கேள்வி: ஐயா, திருவையாறு பக்கம் எங்களுக்கு 60 சென்ட் கொல்லை, போர் தண்ணீர். தைப் பட்டத்தில் 35 சென்ட் கத்தரி நட்டோம், 15 சென்ட் வெண்டை, மீதியில் பீர்க்கன் பந்தல். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துத் தஞ்சாவூர் உழவர் சந்தைக்கு நான்தான் கொண்டுபோகிறேன். பங்குனியில் கத்தரி மட்டும் பறிப்புக்கு 60 கிலோ வந்தது. இப்போது 22 கிலோதான். காய் சிறுத்து, விதை கட்டி, கால்வாசி சொத்தை. பூ கொட்டுகிறது. ஏழெட்டுக் கிலோ விற்காமல் வீட்டுக்குத் திரும்புகிறது. உரக்கடையில் ஒரு டானிக்கும் புழு மருந்தும் கொடுத்து, சேர்த்து அடித்தால் இன்னும் 45 நாள் காய்க்கும் என்றார்கள். சந்தையில் பக்கத்துக் கடைக்காரரோ, மொத்த மார்க்கெட்டில் காய் வாங்கி வைத்தாவது இடத்தை விடாதே என்கிறார். டானிக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்?

பதில்: அடிக்க வேண்டாம், அம்மா. வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கியிருந்தால் மூடி திறக்காமல் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். ரசீது கொடுத்திருந்தால் வாங்கிக்கொள்வார்கள். கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

முதலில் பூ கொட்டுவதைச் சொல்கிறேன். நாளைக் காலை கொல்லையின் நாலு பக்கத்திலிருந்தும் மலர்ந்த கத்தரிப் பூ இருபது பறித்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாக மகரந்தப் பைகள் கூம்பு மாதிரி நிற்கும். அதன் நுனியைத் தாண்டிச் சூல்தண்டு வெளியே நீட்டியிருந்தால் அது காய்க்கிற பூ. சூல்தண்டு கூம்புக்குள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தால் அந்தப் பூ உதிரத்தான் போகிறது. செடி கிழடாக ஆக, வெயில் ஏற ஏறக் குட்டைப் பூவின் பங்கு கூடும். இருபதில் பன்னிரண்டுக்கு மேல் குட்டை என்றால் அந்தச் செடியின் கணக்கு முடிந்தது. போதாததற்கு, 35 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வெயில் நின்றால் நீட்டுப் பூவிலும் மகரந்தம் செத்துவிடும். டெல்டாவில் வைகாசி வெயில் அதற்கும் மேலே. கடைக்காரர் விற்கும் புட்டியால் வெயிலைக் குறைக்க முடியாது.

புழு மருந்து இதைவிட மோசமான யோசனை. எந்தப் பூச்சிமருந்துப் புட்டியோடும் ஒரு துண்டுச்சீட்டு வரும். அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். மூன்று நாள் என்று போட்ட மருந்தும் உண்டு, இருபது நாளுக்கு மேல் போட்டதும் உண்டு. நீங்கள் பறிப்பதோ ஒருநாள் விட்டு ஒருநாள். அப்படியானால் மருந்தடித்த காயைத்தான் சந்தையில் உங்கள் முகம் பார்த்து வாங்குகிறவர்களுக்குத் தராசில் போடுவீர்கள். சீட்டைப் படித்துக் காட்டாமல் "ரெண்டையும் கலந்து அடிங்க" என்று சொல்கிற கடையில் விதைகூட வாங்காதீர்கள். டானிக்குக்கு வருகிறேன். 2021-ல் இந்த மாதிரி உயிர் ஊக்கிகள் என்ற பெயரில் விற்பவற்றை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். புட்டியில் என்ன இருக்கிறது, எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று அச்சடித்திருக்க வேண்டும். "எல்லாப் பயிருக்கும் ஏற்றது" என்று பளபளப்புத் தாளில் ஒட்டியிருப்பது சரக்கு நகரவில்லை என்பதற்கு அடையாளம்.

இது நீங்கள் கேட்டது. கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்த 45 நாளை எதற்குச் செலவழிப்பது?

டானிக் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனி 20 வரை செடி நிற்கும். அப்புறம் பிடுங்கிச் சரசரவென்று உழுது ஆடியில் நட்டால், அதே நோயும் அதே புழுவும் இருக்கிற மண்ணில் நடுகிறீர்கள். மண்ணைச் சரிசெய்துவிட்டு நடலாம் என்றால் ஆவணிக் கடைசி ஆகிவிடும், முதல் பறிப்பு ஐப்பசிக் கடைசியில். டெல்டாவில் ஐப்பசி கடைசி அடைமழையில் கத்தரிக் கொல்லை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாறாக, இந்த வாரமே பிடுங்கினால் ஆடி முதல் வாரம் நடலாம். நட்டதிலிருந்து 60, 65 நாளில் முதல் பறிப்பு, அதாவது புரட்டாசி பிறக்கும்போது. ஊரில் பாதி வீடு கவுச்சி தொடாத மாதம் அது. நவராத்திரியும் கூடவே வரும். அடைமழைக்கு முன்னால் ஒரு மாதப் பறிப்பு கிடைக்கும். இப்போதைய 22 கிலோவுக்காக அதை விடுவீர்களா?

பிடுங்கும்போது ஒன்று கவனியுங்கள். முதல்நாள் தண்ணீர் கட்டி, மறுநாள் மண் பொதபொதவென்று இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். அரிவாளால் வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டுவிடாதீர்கள். பத்துச் செடியின் வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் பாசிமணி கோர்த்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்து, நகத்தால் கீறினாலும் உதிராமல் வேரே வீங்கியது போல் தெரிந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. காய் சிறுத்ததற்குக் கிழட்டுச் செடி பாதிக் காரணம், இது பாதிக் காரணமாக இருக்கலாம். வெண்டை, பீர்க்கன் வேரையும் பாருங்கள். மூன்றுமே அதற்குப் பிடித்த பயிர். மாற்றி மாற்றி இந்த மூன்றையே போட்டால் அது பயிர்ச் சுழற்சி ஆகாது. நூற்புழுவுக்குத் தினமும் வேறு வேறு சாப்பாடு போடுவதுதான் அது. சீசன் முடிவில் வேரைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

பிடுங்கிய கத்தரித் தண்டை, அதாவது மாரை, வேலியோரம் விறகுக்கு அடுக்கி வைக்கிற வழக்கம் நம் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. சொத்தைப் புழு கூட்டுப்புழுவாக அந்தக் காய்ந்த தண்டிலும் சருகிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்துப்பூச்சி வெளியே வந்து நேராக உங்கள் ஆனி நாற்றங்காலுக்குத்தான் போகும். விறகு வேண்டுமென்றால் பழைய நைலான் வலையால் குவியலை முழுக்க மூடி, ஓரத்துக்கு மண் அணையுங்கள். சொத்தைக் காயைக் குப்பைமேட்டில் வீச வேண்டாம். இரண்டடிக் குழியில் கொட்டி மண் போட்டு மிதித்துவிடுங்கள். வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் கண்ட செடிகளை முதலில் பிடுங்குங்கள், வெள்ளை ஈ இன்னொரு கொல்லைக்கு எடுத்துப்போகும் முன்னால்.

கொல்லை காலியானதும், ஊர் ஊராக ஆடு மேய்க்கிற கீதாரிகள் யாராவது உங்கள் பக்கம் கிடை வைத்திருந்தால், எருவுக்காக இரண்டு ராத்திரி ஆட்டை உங்கள் கொல்லையில் கட்டச் சொல்லுங்கள். கடைசியாக மருந்தடித்து மூன்று வாரம் ஆகவில்லையென்றால் சருகெல்லாம் வாரிய பிறகே ஆடு இறங்க வேண்டும். அடுத்து ஒரு கோடை உழவு, நாலைந்து நாள் வெயில்.

அப்புறம் சணப்பை, வளர்த்து மண்ணோடு மடக்கி உழுகிற பசுந்தாள் உரப் பயிர். இதைப் பற்றி நான் அதிகம் பேசுகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. பேசத்தான் வேண்டியிருக்கிறது. நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைக்கிற டெல்டாக்காரர் காய்கறிக் கொல்லையில் ஒரு கைப்பிடி பசுந்தாள் விதைகூடத் தூவுவதில்லை. இரண்டு மாதம் நிலம் சும்மா கிடந்தால் நஷ்டம் என்று நினைக்கிறார்கள். சணப்பை வேருக்குள் நூற்புழு புகுந்தாலும் பெருக முடியாது. கத்தரிக்கும் கத்தரிக்கும் நடுவில் ஒரு சணப்பை வந்தால் முடிச்சு குறைவது அடுத்த முறை வேரை அலசும்போது கண்ணுக்கே தெரியும்.

60 சென்டுக்கு 10 முதல் 12 கிலோ விதை. அடர்த்தியாக விழ வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் தண்டு பருத்து நார் ஏறிவிடும். விதைத்து ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு எட்டுப் பத்து நாளைக்கு ஒருமுறை. கோடை மழை விழுந்தால் அதுவும் வேண்டாம். உரம் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நாற்பதாம் நாளிலிருந்து தினம் பாருங்கள். மொட்டு தெரிந்து ஒன்றிரண்டு மஞ்சள் பூ விரியும்போதே மடக்கி உழ வேண்டும். கொல்லை முழுக்கப் பூத்து நிற்கிற அழகைப் பார்த்து ஒரு வாரம் விட்டால் நார் ரோட்டவேட்டர் கத்தியில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். டிரைவர் உங்களைத் திட்டுவார், மட்கவும் நாள் பிடிக்கும். மடக்கி உழுதபின் ஈரம் காயாமல் 12 முதல் 15 நாள். பச்சைத்தாள் கொதிக்கிற மண்ணில் அவசரப்பட்டு நாற்று நட்டால் வேர் கருகும்.

வைகாசி 12-ல் விதைத்தால் ஆனி 22 வாக்கில் உழவு, ஆடி முதல் வாரம் மண் தயார். உங்கள் நிலத்துக்கு மூன்று நான்கு டன் பசுந்தாள் கிடைக்கும். தழைச்சத்துக் கணக்கு மட்டும் பார்த்தால் அது ஒரு மூட்டை யூரியாவுக்குக்கூட வராது. மானிய விலையில் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கடைக்காரர் கேட்பார். அந்த யூரியா மண்ணைப் பொலபொலப்பாக்காது, நூற்புழுவைத் தொடாது, ஆடி வெயிலில் ஈரத்தைப் பிடித்து வைக்காது. வேரில் முடிச்சு இருந்தால் கடைசி உழவில் 60 கிலோ வேப்பம்புண்ணாக்கும் போடுங்கள். எண்ணெய்ச் செக்கில் நேரில் வாங்குங்கள். துளி நாக்கில் வைத்தால் கசப்பு மண்டையில் ஏற வேண்டும். கசக்காத புண்ணாக்கில் வேறென்ன கலந்திருக்கிறது என்பது மூட்டை கட்டியவருக்குத்தான் தெரியும்.

நாற்றங்கால் ஆனி முதல் வாரம், கொல்லைக்குத் தள்ளி, மேட்டில், நைலான் வலைக்குள். முப்பது நாள் நாற்று போதும். விதைக்கு இப்போது நிற்கிற செடியில் காய் விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒட்டு ரகமானால் பேச்சே இல்லை, அடுத்த தலைமுறையில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பிரிந்துவிடும். நாட்டு ரகமானாலும் விற்காமல் மிஞ்சிய கடைசிக் காயிலிருந்து விதை எடுக்காதீர்கள். நன்றாகக் காய்த்த, சொத்தை குறைந்த செடிக்கு இரண்டாம் மூன்றாம் பறிப்பிலேயே அடையாளத்துக்குத் துணி கட்டி விட்டிருக்க வேண்டும். இந்த முறை வெளியில் வாங்குங்கள், புரட்டாசியில் துணி கட்டுங்கள்.

திரும்பி வருகிற காயைச் சொல்கிறேன். பளபளப்புப் போன கத்தரி விதை கட்டிவிட்டது, அது குழிக்கு. பளபளப்பு இருப்பதைச் சொத்தை நீக்கி நாலாகக் கீறி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் மூன்று நிமிடம் விட்டு வடித்து, பாயில் மூன்று நாலு வெயில் காயவையுங்கள். சாயங்காலம் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் பூசணம் பிடிக்கும். பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ வற்றல் தேறும். வீட்டுத் தேவைக்கு மேல் இருப்பதை விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வெண்டைக்கு ஈரச் சாக்கு போட்டு எடுத்துப்போகிறீர்களா? நிறுத்துங்கள். காய் நனைந்தால் கறுப்புப் புள்ளி விழும். மருந்தடித்த எதையும் மாட்டுக்குப் போட வேண்டாம்.

பக்கத்துக் கடைக்காரர் யோசனையைக் கேட்காதீர்கள். 1999-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்ததே விளைவித்தவர் நேரே விற்பதற்குத்தான். தராசு, கடை வாடகை இல்லாமல் கிடைப்பதும், மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட்டி விலை போடுவதும் அதற்காகத்தான். சந்தையில் கொடுத்த உங்கள் அடையாள அட்டையில் நிலமும் பயிரும் எழுதியிருக்கிறது. கொல்லையில் இல்லாத காயைக் கடையில் வைத்தால் அட்டை போகும், ஆடிக் கத்தரியை எங்கே விற்பீர்கள்?

இடம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. வேரில் முடிச்சில்லாத பக்கம் ஐந்து சென்டை மட்டும் சணப்பையிலிருந்து விலக்கிக் கீரை போடுங்கள். வாரத்துக்கு ஒரு சென்ட், சென்டுக்கு 15 கிராம் முளைக்கீரை விதை, நாலு மடங்கு மணலில் கலந்து தூவி, பூவாளித் தண்ணீர். 22, 25 நாளில் பிடுங்கலாம். முதல் கட்டு வரும்வரை இருக்கிற பீர்க்கன் பந்தலில் நல்ல கொடி நாலைந்தை மட்டும் விட்டு வையுங்கள், வேரைச் சுற்றித் தோண்டிப் பார்த்த பிறகு. பயிர் மாற்றத்தைச் சந்தை நிர்வாக அலுவலரிடம் சொல்லி அட்டையில் கீரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்தரி எப்போது வரும் என்று கேட்பவர்களுக்குப் புரட்டாசி முதல் வாரம் என்று இப்போதே சொல்லலாம்.