வங்கக் கடலில் திமிங்கலங்கள் எப்போது வருகின்றன?

கேள்வி: காசிமேட்டிலிருந்து சூரை பிடிக்க ஆழ்கடலுக்குப் போகும் செவுள்வலைப் படகு எங்களுடையது. மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, எங்கள் படகின் நீளத்துக்கு இருந்த ஒரு திமிங்கலம் நேராக மேலே நீரை ஊதிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு மூழ்கியதாகப் படகிலிருந்தவர்கள் சொன்னார்கள். இவை எந்த மாதத்தில் எங்கிருந்து வருகின்றன? அந்த நாள்களில் வலையை வேறு இடத்தில் போட வழியுண்டா? வலையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: உங்கள் படகினர் பார்த்தது நீலத் திமிங்கலமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. நம் கடலில் பரவலாகத் தென்படும் பிரைட்ஸ் திமிங்கலம் மூழ்கும்போது வாலை வெளியே காட்டுவதில்லை. ஸ்பெர்ம் திமிங்கலம் வாலைத் தூக்கும் என்றாலும், அதன் ஊதல் முன்பக்கமாக இடப்புறம் சாய்ந்து எழும். நேராக, சில வேளைகளில் 9 மீட்டர் உயரம் வரையிலும் எழும் ஊதலும், உயர்ந்து மறையும் வாலும் சேர்ந்து வந்தால், இலங்கையைச் சுற்றித் திரியும் நீலத் திமிங்கலத்தையே முதலில் நினைக்க வேண்டும். மேலும், வால் கிடைமட்டமாக இருந்தால்தான் அது திமிங்கலம். செங்குத்தாக இருந்தால் நம்மவர்கள் அம்மணி உழுவை என்று சொல்லும் திமிங்கலச் சுறா. அதுவும் அழியும் நிலையிலுள்ள உயிரினமே.

திமிங்கலங்கள் கோடையில் துருவக் கடலில் இரை தின்று, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்குக் குட்டி ஈன வருகின்றன என்றுதான் பள்ளிப் பாடங்களில் படித்திருப்போம். தென்கோளத்துக் கூன்முதுகுத் திமிங்கலங்களுக்கு அது பொருந்தும். வட இந்தியப் பெருங்கடலுக்கு அதை அப்படியே பொருத்துவதுதான் பலர் செய்யும் பிழை. வடக்கே ஆசிய நிலப்பரப்பு அடைத்து நிற்பதால் இங்கிருந்து வடதுருவத்துக்குக் கடல்வழி இல்லை. இங்குள்ள நீலத் திமிங்கலங்கள் ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கி, பருவக்காற்று எங்கே அடியிலிருந்து சத்துள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து இரையைப் பெருக்குகிறதோ அங்கே நகர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின்போது சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டி அத்தகைய வளம் உண்டாகிறது. அது ஓய்ந்த பிறகு ஒரு பகுதி கிழக்கே பரவி, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இலங்கையின் தென்முனையில் மிரிச, தேவேந்திரமுனைப் பக்கத்திலும், கிழக்கே திருகோணமலைக்கு வெளியேயும் காணப்படுகிறது என்பதே ஆய்வாளர்கள் வகுத்துள்ள பொதுவான வரைபடம். எல்லாத் திமிங்கலங்களும் இப்படி இடம்பெயர்வதாகவும் கொள்ளக்கூடாது. திருகோணமலைக்கு வெளியே 1980-களின் தொடக்கத்தில் டூலிப் என்ற பாய்மரக் கப்பலில் சென்றவர்கள் பதிவு செய்த நாள் முதல் அங்கே அவை தொடர்ந்து தென்பட்டு வருகின்றன. கரையை ஒட்டியே ஆழ்பள்ளம் இறங்குவது அந்த இடத்தின் சிறப்பு. சென்னைக்கு அப்படி இல்லை. இங்கே கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித் திட்டு அகன்று கிடப்பதால், திட்டின் விளிம்பைத் தாண்டிச் செல்லும் உங்களைப் போன்றவர்கள் கண்ணில்தான் அவை படுகின்றன.

அரபிக் கடலின் கூன்முதுகுத் திமிங்கலமும் இதே போல வெப்பக் கடலை விட்டுத் துருவத்துக்குப் போகாதது. 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் 242 கூன்முதுகுகளைக் கொன்றதன் வடு இன்னும் ஆறவில்லை. ஓமன் கரையில் இப்போது நூறுக்கும் குறைவானவையே எஞ்சியிருப்பதாகக் கணிக்கப்படுகிறது. 2017-ல் ஓமனில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கலம் அரபிக் கடலைக் கடந்து கோவாவுக்கு வெளியே வந்து, கன்னியாகுமரி வரை இறங்கி, மீண்டும் ஓமனுக்கே திரும்பியது.

ஆகவே, இத்தனையாம் தேதி முதல் இத்தனையாம் தேதி வரை வலை போடாதீர்கள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். மார்கழி முதல் சித்திரை வரை கூடுதல் கவனம் தேவை என்பது சரி. ஆனால் நாள்காட்டியைவிடக் கடலே நல்ல குறிப்புத் தரும். திட்டு சரியும் விளிம்பில் பறவைகள் கூடி, சிறு இறாலும் மீன்குஞ்சும் திரண்டிருக்க, ஊதலும் தென்பட்டால், அங்கே வலை இறக்காமல் சில கடல்மைல் தள்ளிப் போவது உங்கள் வலைக்கும் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் யாரும் பார்த்ததாகச் சொல்வதில்லை என்பதால் அப்போது திமிங்கலம் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. பார்ப்பதற்கு விசைப்படகுகள் கடலில் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

மாட்டிக்கொண்டால் எஞ்சினை நியூட்ரலில் வைத்து, வலையை இழுப்பதை உடனே நிறுத்துங்கள். எவரையும் நீரில் இறங்க விடாதீர்கள். 2017-ல் கனடாவில் பல திமிங்கலங்களை விடுவித்த அனுபவமுள்ள ஒரு மீனவரே, அப்படி ஒன்றை விடுவித்த கணத்தில் அதன் அடிபட்டு இறந்தார். கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலோ விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலிலோ அழையுங்கள். படகுக்கு ஆபத்தில்லை என்றால், படகோடு பிணைந்த கயிற்றை மட்டும் அவசரமாக அறுத்துவிட வேண்டாம். முழு வலையையும் இழுத்துக்கொண்டு போகும் திமிங்கலம் மாதக்கணக்கில் மெலிந்து சாகும். ஆபத்து என்றாலோ, தயங்காமல் அறுத்துவிடுங்கள். வலையை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

இறந்து மிதப்பதைக் கண்டால் பல், எலும்பு, அம்பர் (ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் வாசனைப் பொருள்) எதையும் எடுக்காதீர்கள். திமிங்கலங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மூன்றாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. அம்பரைக் கோடிக்கணக்கில் விற்கலாம் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்பவர்கள் வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்த முறை பார்க்கும்போது தேதி, நேரம், ஜிபிஎஸ் அளவு, எக்கோ சவுண்டர் காட்டும் ஆழம், திமிங்கலம் போன திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் வாலின் அடிப்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். வாலின் வடிவத்தையும் தழும்புகளையும் கொண்டு தனித்தனித் திமிங்கலத்தை அடையாளம் காண முடியும். அந்தக் குறிப்பை உங்கள் மீன்பிடித் துறைமுகத்திலேயே இருக்கும் இந்திய மீன்வள அளவை நிறுவன அலுவலகத்திலோ, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னை மையத்திலோ கொடுக்கலாம்.