பழைய எஸ்யூவிக்குப் புது ஸ்பீக்கர்: கேட்டதும் சொன்னதும்

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பெரிய வண்டிகளில் ஸ்பீக்கர் மாற்றுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "எந்த பிராண்ட் வாங்கலாம்?" அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கடைக்காரனும் இல்லை. 2007 மாடல் ஸ்கார்ப்பியோ ஒன்றை வைத்துக்கொண்டு அதன் நாலு கதவையும் ஏழெட்டு முறை கழற்றி மாட்டியவன், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஸ்பீக்கர் பாதி, கதவு பாதி. கடையில் முதல் பாதியை மட்டும்தான் விற்பார்கள்.

அண்ணா, என் சஃபாரியில் டிரைவர் பக்கம் முன் ஸ்பீக்கர் கரகரவென்கிறது. நாலையும் மாற்றிவிடலாமா? (அம்பத்தூர்)

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் குற்றவாளி ஸ்பீக்கர்தானா என்று பாருங்கள். டேஷ்போர்டில் இருக்கும் பாட்டு செட்டை வெளியே இழுத்து, பின்னால் முன் இடது, முன் வலது வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுங்கள். கரகரப்பு இடது பக்கம் போய்விட்டால் செட்டில் கோளாறு, ஸ்பீக்கர் பாவம். அதே பக்கம் நின்றால் கோளாறு ஸ்பீக்கரில், அல்லது அதற்குப் போகும் வயரில்.

வயர் என்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய். வருஷக்கணக்காகக் கதவு திறந்து மூடி, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். பாட்டை ஓடவிட்டுக் கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அங்கேதான்.

அதுவும் சரியாக இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2இலிருந்து 3.8 வரை காட்டும், அது சாதாரணம். அப்புறம் கோனை (நடுவில் அசையும் கூம்பு) இரண்டு கட்டை விரலாலும் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உள்ளே மணல் உரசுகிற மாதிரி இருந்தால் காயில் போய்விட்டது. என் வண்டியில் கதை வேறு. கோனின் ஓரத்தில் இருந்த ஃபோம் வளையத்தைச் சும்மா தொட்டேன், பழைய அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. சென்னையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஃபோம் தாங்காது. புதிது வாங்கும்போது ஓரம் ரப்பரா என்று பாருங்கள்.

500 வாட்ஸ் போட்ட ஸ்பீக்கர் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 60 வாட்ஸ் போட்டது 5,000 சொல்கிறார்கள். எது லாபம்? (பெரம்பூர்)

அந்த 500 அட்டைப் பெட்டிக்குச் சொந்தமான எண் சார், ஸ்பீக்கருக்கு இல்லை. பெட்டியைத் திருப்பி ஆர்எம்எஸ் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். விடாமல் ஓடினாலும் தாங்கக்கூடிய அளவு அதுதான். அது எங்குமே இல்லையென்றால் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14.4 வோல்ட். சாதாரண செட் அதைக் கூட்டிக்கொள்வதில்லை, அதே 14.4-க்குள்தான் ஆட வேண்டும். அது உச்சம், ஆர்எம்எஸ் அளவுக்கு அதை 1.414ஆல் வகுத்தால் 10.2. அதன் வர்க்கம் 104. 4 ஓமால் வகுத்தால் 26 வாட்ஸ். இது ஏட்டுக் கணக்கு. வழியில் ஆகும் இழப்புப் போகச் சுத்தமாகக் கிடைப்பது ஒரு பக்கத்துக்கு 18, 20 வாட்ஸ். செட்டின் முகத்தில் '50 வாட்ஸ் x 4' என்று எழுதியிருப்பது பாட்டு கிழிந்து கத்தும் நிலையில் எடுத்த எண்.

ஆகவே வெளியே ஆம்ப் (சக்தியைக் கூட்டும் தனிப் பெட்டி) வைக்காதவர்கள் வாட்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டு சென்சிடிவிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் என்பது அது, டெசிபலில் இருக்கும். 3 டெசிபல் கூடினால் பாதி சக்தியில் அதே சத்தம் வரும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 72 வாட்ஸ் கொடுத்தால் என்ன சத்தமோ, 92 டெசிபல் ஸ்பீக்கர் அதை 18 வாட்ஸில் கொடுத்துவிடும். உங்கள் செட்டிடம் இருப்பதே அந்த 18தான். உங்கள் 5,000 ரூபாய் ஸ்பீக்கரில் 90-க்கு மேல் போட்டிருந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

கதவில் 6.5 இன்ச் உட்காருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்காரர் "எல்லாம் உட்காரும்" என்கிறார். (மேடவாக்கம்)

அவர் உட்கார வைத்துவிடுவார். உங்கள் கண்ணாடிதான் இறங்காது.

வட்டத்தின் அளவைவிட ஆழம்தான் முக்கியம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஓட்டை வழியாக ஸ்கேலை நீட்டிக் கண்ணாடி வரை அளந்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரின் மவுண்டிங் ஆழம் அதைவிட ஒரு சென்டிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கொஞ்சம் உருட்டி மேக்னட்டின் முதுகில் ஒட்டி, ஸ்பீக்கரைக் கையால் அழுத்திப் பிடித்துக் கண்ணாடியை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். களிமண் நசுங்கினால் விடை கிடைத்துவிட்டது. முன்பக்கமும் பாருங்கள்: கோஆக்ஸியலில் (எல்லாம் ஒரே ஸ்பீக்கரில் இருப்பது) நடுவில் ட்வீட்டர், அதாவது மெல்லிய சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், டோர் பேடின் (கதவின் உள்பக்க உறை) கிரில்லில் முட்டக் கூடாது.

ஆழம் போதவில்லையென்றால் வளையம் வைத்து வெளியே தள்ளலாம். இதற்குக் கடைகளில் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்தது) பலகையை வெட்டிக் கொடுப்பார்கள். நம் ஊருக்கு அது சரிப்படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பன் மாதிரி ஊறிவிடும், ஸ்க்ரூ பிடிப்பு விட்டு ஸ்பீக்கர் ஆட ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் வளையம் போடுங்கள். பழைய பிளாஸ்டிக் கட்டிங் போர்டை வட்டமாக அறுத்துப் போட்டவர்களும் உண்டு, நன்றாகவே இருக்கிறது.

ஸ்பீக்கர் மாற்றி ஒரு மாதம். மழை பெய்தால் முன் சீட் கீழே தண்ணீர். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயில் அடைப்பு என்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (முடிச்சூர்)

உண்டு என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் எனக்கும் இதே நடந்தது.

பலருக்கு இது தெரியாது: கதவுக்குள் மழைத்தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையில் இறங்கி, உள்ளே வழிந்து, கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேறும். வண்டியைச் செய்தவனே அப்படித்தான் செய்திருக்கிறான். அந்தத் தண்ணீர் உங்கள் பக்கம் வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும் ஒரு பாலித்தீன் ஷீட். பார்க்க ஒன்றுமில்லாத பொருளாகத் தெரியும்.

எனக்கு ஸ்பீக்கர் மாட்டிய கடைப் பையன் அதைக் கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டான். நானும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் பெருமழையில் கால் மிதி நனைந்தது. ஏசியைச் சந்தேகப்பட்டு அதற்கு ஒரு செலவு. கார்ப்பெட் காய்வதற்குள் பூஞ்சை வாடை ஏறிவிட்டது, வீட்டில் ஒருவரும் வண்டியில் ஏற மறுத்தார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேடைக் கழற்றிவிட்டு, வெளியே கண்ணாடி மேல் மக்கால் தண்ணீர் ஊற்றினேன். ஸ்பீக்கர் வளையத்தின் மேலேயே சொட்டு வந்து நின்று, உள்பக்கமாக உருண்டது.

நீங்களும் இதையே செய்து பாருங்கள். ஷீட் இல்லையென்றால் தடிமனான பாலித்தீன் வாங்கி, அதே அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால் (ரப்பர் பசை டேப்) சுற்றிலும் ஒட்டுங்கள். ஷீட்டின் அடிப்பக்கம் கதவின் உட்புறமாகச் செருகியிருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் உள்ளேயே வழியும். கதவின் அடி ஓட்டைகளில் சேறு அடைத்திருந்தால் ஒரு கேபிள் டையை விட்டுக் குத்தி எடுங்கள். இதெல்லாம் முடித்துவிட்டு ஏசி ஆளிடம் போகலாம்.

கதவுத் தகட்டின் அதிர்வைக் குறைக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுவது வீண் செலவா? (அண்ணா நகர்)

பட்ஜெட் கம்மி என்றால் ஸ்பீக்கரில் ஒரு படி இறங்கி, மிச்சத்தை இதில் போடுங்கள் என்பேன்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஸ்பீக்கரைக் கையில் வெறுமனே பிடித்துச் சின்னச் சத்தத்தில் ஓடவிடுங்கள். கொசு மாதிரிக் கேட்கும். அதையே நடுவில் வட்டமாக வெட்டிய பெரிய அட்டையில் பொருத்திப் பிடியுங்கள், தவிலின் தொப்பிப் பக்கம் திடீரென்று எழுந்து வரும். காரணம் ஒன்றுதான். கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். கதவின் உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கின்றனவே, அவைதான் சந்திக்கும் வழி. அதை அடைத்து, வெளித்தகட்டின் அதிர்வையும் குறைத்தால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கராகிவிடும்.

பியூட்டைல் ஷீட்டே வாங்குங்கள். மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டால், அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் தார் வாடை வரும், ஷீட்டும் இளகி இறங்கும். அடியில் உள்ள தண்ணீர் ஓட்டைகளை மட்டும் மறந்தும் மூடாதீர்கள்.

என் கணவரின் 2004 குவாலிஸ். அவர் கம்போனென்ட்தான் வேண்டும் என்கிறார். கடைசி சீட்டில் மாமியாருக்குப் பேச்சே புரியவில்லையாம். என்ன செய்யலாம்? (தாம்பரம்)

சகோதரி, இருவரையும் திருப்தி செய்யலாம். கம்போனென்ட் என்றால் ட்வீட்டர் தனி, பெரிய கோன் தனி, நடுவில் பிரித்துக்கொடுக்க ஒரு கிராஸ்ஓவர். ட்வீட்டரைக் காது உயரத்துக்குப் பக்கமாக, பக்கக் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் முக்கோணத்தில் வைக்க இடம் இருந்தால் முன்னால் அது போடலாம். பாட்டு டேஷ்போர்டின் மேலிருந்து வருவது மாதிரி இருக்கும், உங்கள் கணவர் கேட்பது அதைத்தான். பின்னால் சாதாரண கோஆக்ஸியல் போதும். மாமியாருக்குத் தேவை பேஸ் இல்லை, தெளிவு. செட்டில் பேஸைக் கொஞ்சம் இறக்கி, முன்பின் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரைப் பின்னால் இரண்டு புள்ளி தள்ளி, எஃப்எம் 101.4-இல் யாராவது பேசும்போது மாமியாரையே கேட்கச் சொல்லுங்கள். பாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள்.

புது ஸ்பீக்கர் போட்டபின் பேஸ் முன்பைவிடக் குறைந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? (வேளச்சேரி)

ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் திருப்புங்கள். ஒற்றை ஸ்பீக்கரில் பேஸ் இருந்து, நடுவுக்குக் கொண்டுவந்ததும் காணாமல் போனால் அதேதான். ஸ்பீக்கர் வயரை செட்டிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரி பிளஸ் ஸ்பீக்கர் பிளஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும்.

வெளியில் வாங்கும் செட்களில் பெரும்பாலும் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஆனால் வண்டியோடு வந்த வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பாதீர்கள். ஸ்பீக்கர் மைனஸை வண்டி பாடியில் மட்டும் கொடுக்கவே கூடாது, செட் போய்விடும்.

ஆம்ப் தேவையா? (போரூர்)

முதலில் கதவைச் சரிசெய்து ஒரு மாதம் கேளுங்கள். அப்புறமும் ஜிஎஸ்டி ரோட்டில் டீசல் சத்தத்தை மீறிக் கேட்கவில்லையென்றால் யோசிக்கலாம். வைத்தால், பேட்டரியிலிருந்து ஓர் அடிக்குள் ஃபியூஸ். அதில் பேரம் கிடையாது, அறுந்த வயர் பாடியில் உரசினால் வண்டியே எரியும்.

வேலையை நானே செய்யலாமா? சாமான் எங்கே வாங்குவது? (ஆவடி)

தாராளமாக. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பழைய வண்டியில் டோர் பேட் கிளிப் உடையாமல் வராது, பத்துப் பன்னிரண்டு கிளிப் புதுப்பேட்டையில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மார்கழிக் குளிரில் விடியற்காலை கழற்றினால் பிளாஸ்டிக் நொறுங்கும். வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தியபின் கழற்றுங்கள், இளகிக் கொடுக்கும். பேடை நேராக இழுக்காமல் கிளிப் இருக்கும் இடமாகப் பார்த்து நெம்புங்கள். ஒரிஜினல் கப்ளரை (வயர் நுனியில் இருக்கும் பிளக்) வெட்டாதீர்கள், அதற்குப் பொருந்தும் கப்ளர் தனியாகக் கிடைக்கிறது.

ஸ்பீக்கருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்குங்கள். மேக்னட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், பில்லும் வாரண்டி அட்டையும் கேளுங்கள். பில் இல்லாமல் பாதி விலை என்றால் அது போலி என்றே வைத்துக்கொள்ளலாம். வயர், வயர் இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், மல்டிமீட்டர் எல்லாம் ரிச்சி தெருவில். கிழமை பார்த்துப் போங்கள், ஞாயிறு பல கடை மூடியிருக்கும்.

கழற்றிய பழைய ஸ்பீக்கரை என்ன செய்வது? (திருவான்மியூர்)

கோன் நன்றாக இருந்தால் துணியில் சுற்றி, ஸ்க்ரூக்களை அதே பையில் போட்டுப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அதையே மாட்டிக் கொடுத்துவிட்டுப் புது ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளலாம். கிளிப் மட்டும் இன்னொரு டஜன் வாங்க வேண்டியிருக்கும்.