கர்நாடக சங்கீத ரேடியோ கேட்பவர்கள் வெறும் 40 நொடி புரோமோவுக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்படுகிறார்கள்?

எரிச்சல்படுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் என்னைவிட அதிகமாகக் கொதிப்பவர் என் மாமனார். வயது 83. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து அல்சூரில் தங்கி, கோவில் உற்சவம், கல்யாணம் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் தவில் வாசித்தவர். இப்போது தோள்பட்டை இடம் கொடுக்கவில்லை. தவில் உறைக்குள் போய் பீரோ மேல் ஏறிவிட்டது. ரேடியோதான் துணை.

எனக்கு வீட்டிலேயே முறுக்கு, தட்டை, சீடை ஆர்டர் எடுத்துச் செய்கிற தொழில். காலை ஆறு மணிக்கு ரேடியோவைப் போட்டால் மத்தியானம் அடுப்பை அணைக்கிற வரை ஓடும். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. நாள் முழுக்க சாஸ்திரிய சங்கீதம் போடுகிற ஒன்று, அவ்வளவு போதும். திட்டினாலும் அதை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

சில மாதம் முன்னால் அதில் ஒரு புரோமோ வர ஆரம்பித்தது. தொம்மென்று ஒரு டிரம் அடி, அதன் மேல் கீபோர்டு, பிறகு ஒரு கம்பீரமான ஆண் குரல் கன்னடத்தில் கொஞ்சம், இந்தியில் கொஞ்சம்: எங்கள் நிலையத்தைக் கேளுங்கள், சங்கீதக் கடலில் மூழ்குங்கள் என்கிற தினுசில். முடிவில் ஒரு ஜால்ரா மாதிரி ‘ஜ்ஜ்ஜிங்’. முதல் வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாரம் மாமா சொன்னார்: “ஏம்மா, இவன் அஞ்சு ஆவர்த்தனம் தின்னுடறான்.”

அவர் எதையும் நொடியில் அளக்க மாட்டார். ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. அந்த எட்டும் ஒரு சுற்று முடிந்தால் ஒரு ஆவர்த்தனம். அவர் நாற்காலிக் கையில் போடுகிற வேகத்தில் அது ஏறக்குறைய எட்டு நொடி. போனில் வைத்துப் பார்த்தேன், 40 நொடி. “அஞ்சு ஆவர்த்தனத்துல ஒரு நல்ல தீர்மானம் வெச்சு இறக்கிடலாமே” என்றார். தீர்மானம் என்றால் வாசிப்பை முடித்துவைக்கிற தாளக் கோவை.

அதற்குப் பிறகு ஒரு நாள் வேண்டுமென்றே எண்ணினேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் மேடைக் கல்லில் ஒரு மாவுப் புள்ளி. காலை 6 மணியிலிருந்து 11 மணிக்குள் 14 புள்ளி. 14 நாற்பது 560 நொடி, ஒன்பது நிமிஷத்துக்கு மேல். முத்துசுவாமி தீட்சிதரின் ஒரு கிருதியை நிதானமாகப் பாடி முடித்துவிடலாம்.

“விளம்பரம் எங்கேதான் இல்லை, இதற்குப் போய்?” என்று நினைப்பீர்கள். நாங்கள் விளம்பரமே ஆகாது என்கிற ஆட்கள் இல்லை. விவித் பாரதி 1957-இல் தொடங்கியது, 1967-இல் அதில் விளம்பரம் வந்தது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் நாங்களும். பல்பொடி, வலி மருந்து, புடவைக்கடை எல்லாம் பாட்டோடு பாட்டாக மனப்பாடம் ஆனவை. சினிமாப் பாட்டு மூன்று, நான்கு நிமிஷத்தில் முழுசாக முடிந்துவிடும். அதன் பக்கத்தில் ஒரு விளம்பரப் பாட்டு வந்தால் இரண்டும் ஒரே தெருக்காரர்கள் மாதிரி பொருந்திப்போகும்.

திரும்பத் திரும்ப வருவதுதான் பிரச்சினை என்றும் சொல்ல முடியாது. ஆகாசவாணியின் அந்தத் தொடக்க இசையை எடுத்துக்கொள்ளுங்கள், தம்புராவின் மேல் வயலின் எழுமே, அது. நாஜிகளுக்குத் தப்பி 1934-இல் பம்பாய் வந்த வால்டர் காஃப்மன் அமைத்தது, சிவரஞ்சனி ராகம். முப்பதுகளிலிருந்து தினமும் ஒலிக்கிறது. அது சலித்துவிட்டது என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. விடிகாலையில் நிலையம் திறக்கும்போது வரும், போய்விடும். நம்மிடம் எதையும் கேட்காது.

வெளிச் சத்தமும் எங்களை ஒன்றும் செய்யாது. பெங்களூரில் 1939-இல் தொடங்கிய ராமநவமிக் கச்சேரி சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடக்கிறது. பந்தலுக்குள் ஆலாபனை போய்க்கொண்டிருக்கும்போதே வெளியே பஸ் ஹார்ன் அடிப்பான். அதோடு சேர்த்துத்தான் கேட்கிறோம். ஹார்ன் பஸ்ஸின் வேலையைப் பார்க்கிறது, நாம் நம் வேலையைப் பார்க்கிறோம்.

புரோமோ நேராக நம் காதைப் பிடித்துத் திருகுகிறது. அதற்குச் சத்தமும் ஒரு காரணம். ஆலாபனை மெல்லத் தொடங்கும். தம்புரா மட்டும் தெரியும். கேட்க வேண்டுமென்று நாம் வால்யூமை ஏற்றி வைத்திருப்போம். புரோமோவில் மெல்லிசும் உரப்பும் கிடையாது, எல்லாவற்றையும் நசுக்கி ஒரே உயரத்துக்குத் தூக்கி வைத்திருப்பார்கள் என்று என் மகன் சொன்னான். அவன் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறவன். இதற்கெல்லாம் அளவுகோல் இருக்கிறதாம். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-இல் கூடி, எந்த நிகழ்ச்சியானாலும் சராசரி உரப்பு இவ்வளவுதான் என்று ஒரு பரிந்துரையே போட்டார்கள். அமெரிக்காவில் டிவி விளம்பரம் நிகழ்ச்சியைவிடக் கத்தக்கூடாது என்று அதே வருஷம் சட்டம் வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கும் காது வலித்திருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதானே? எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு கையில் அச்சு, இன்னொரு கையில் மாவு. முழங்கையால் குமிழைத் தள்ளி இறக்குவேன். புரோமோ முடிந்ததும் அதே முழங்கையால் ஏற்ற முடியாது. கையைக் கழுவித் துடைத்து ஏற்றுவதற்குள் அடுத்த உருப்படியில் பல்லவி போயிருக்கும், எண்ணெயில் ஒரு ஈடு சிவந்திருக்கும். எங்கள் ரேடியோவில் அந்தக் குமிழைச் சுற்றி அரிசி மாவு ஒரு வெள்ளை வளையமாகவே படிந்துவிட்டது.

உண்மையில் மாமாவை உடைத்தது வேறு ஒரு நாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். யாரோ பாடி முடித்தார்கள், அறிவிப்பாளர் ஒரே வரி சொன்னார், நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். பழைய பதிவு. இசைத்தட்டுக் காலத்துச் சரசரப்போடு நாயனம், அதாவது நாகஸ்வரம், எழுந்தது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கிடைக்கும்; அதற்குள் தோடியை அடக்க வேண்டும். தோடி என்றால் ராஜரத்தினம் பிள்ளை என்று நாயனக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. அவர் 1956-இல் போய்விட்டார். அப்போது சின்னப் பையனாக இருந்த என் மாமா அவரை நேரில் கேட்டதில்லை, தன் அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான். வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அடுப்பைச் சிம்மில் வைத்தேன். கடைசியில் அந்த நீண்ட ஷட்ஜம், ‘ஸ’ ஸ்வரம், அதன் இழுப்பு தேய்ந்துகொண்டே போகிறது, இன்னும் முழுசாக நிற்கவில்லை.

தொம்!

கீபோர்டு வேறு சுருதியில். அது எத்தனை கட்டை என்று கண்டுபிடிக்கக்கூட மனம் வரவில்லை. ஷட்ஜத்தோடு ஒட்டாத ஏதோ ஒன்று. சங்கீதக் கடலில் மூழ்குங்கள் என்றது குரல். மூழ்கியிருந்தவரின் முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு மூழ்கு என்கிறது. மாமா ஒன்றும் பேசவில்லை. வந்து ரேடியோவை அணைத்தார். நான் இந்த வீட்டுக்கு வந்த 30 வருஷத்தில் அவர் கையால் ரேடியோவை அணைத்து அன்றுதான் பார்த்தேன்.

பாட்டு முடிந்த பிறகும் சுருதி காதில் நின்றுகொண்டிருக்கும். அந்த இரண்டு மூன்று நொடியும் பாட்டைச் சேர்ந்ததுதான். எங்கள் எரிச்சலில் பாதி அங்கே.

மீதிப் பாதி மாமா மறுநாள் சொன்னது. “ராஜரத்தினம் பிள்ளை வரார்னு நேத்தே சொல்லியிருந்தா, நான் இஸ்திரி போட்ட வேட்டி கட்டிட்டு உக்காந்திருப்பேனே!” யோசித்துப் பார்த்தால் அதுதான் விஷயம். ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிற எங்களிடம் ‘கேளுங்கள் கேளுங்கள்’ என்று ஒரு காலைப்பொழுதில் பதினாலு தடவை சொல்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவனிடம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து “சாப்பிட வாங்க” என்று சொல்வது போல. ஆனால் நாளைக்கு இலையில் என்ன விழும் என்று கேட்டால் பதில் இல்லை. முன்னெல்லாம் அகில இந்திய வானொலி ‘வானொலி’ என்றே தமிழில் ஒரு பத்திரிகை போட்டது. நிகழ்ச்சி நிரல் அதில் முன்கூட்டியே வந்துவிடும். மாமாவின் அப்பா அதில் நாயனக் கச்சேரிகளைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பாராம். அதுவும் விளம்பரம்தான், சொல்லப்போனால். அதை யாரும் திட்டியதில்லை, காசு கொடுத்து வாங்கினார்கள்.

நிலையத்துக்கு ஒரு தடவை போன் பண்ணினேன். எடுத்தவர் நல்ல மனுஷர். நான் தமிழ் கலந்த கன்னடத்தில் பொரிந்து தள்ள, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏனு மாடோது (என்ன செய்யறது) மேடம், மேலிருந்து ஷெட்யூல் வருது, நாங்க போடறோம்” என்றார். பிறகு அவரே ஒரு காரணம் சொன்னார்: காரில் போகிறவர் பத்து நிமிஷம்தான் கேட்பார், அவர் காதிலும் ஒரு தடவையாவது விழ வேண்டுமே, அதனால் மணிக்கு மூன்று தடவை. நியாயமாகத்தான் இருக்கிறது. சினிமாப் பாட்டு எஃப்எம்முக்கு அந்தக் கணக்கு சரிப்படும். எங்களை மாதிரி ஐந்து மணி நேரம் ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஜனங்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்: எவ்வளவு விசுவாசமோ அவ்வளவு தண்டனை. செய்திக்கு முன்னால் மொத்தமாக ஒரு தடவை போடுங்கள், அறிவிப்பாளரே தன் குரலில் சொல்லட்டும், நாளைக்கு யார் வாசிக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லட்டும் என்றேன். எழுதிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. எழுதிக்கொண்டாரா என்று தெரியாது.

யூடியூபில் கேட்டால் என்ன என்று மகனும் கேட்கிறான். கேட்கலாம். ஆனால் அதில் நாம் தேடுவதுதான் வரும். அந்த மத்தியானம் தோடி வேண்டும் என்று நான் எங்கே தேடினேன்? தானாக வந்து நின்றது. அந்த ஒன்றுக்காகத்தான் பதினாலு புள்ளியையும் பொறுத்துக்கொள்கிறோம் போல.

மாமா ரேடியோவோடு சமாதானம் ஆகிவிட்டார், இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. இப்போது புரோமோ வந்தால் முகம் சுளிப்பதில்லை. டிரம் விழுந்ததும் நாற்காலிக் கையில் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே தவில் சொற்கட்டு சொல்ல ஆரம்பிக்கிறார். கம்பீரக் குரல் பாட்டுக்குக் கன்னடத்தில் முழங்குகிறது, இவர் பாட்டுக்கு அதன் மேல் வாசிக்கிறார். நேற்று தட்டை வேகிற நேரத்தில் கவனித்தேன். ஐந்தாவது ஆவர்த்தனத்தில் மூன்று ததிங்கிணதொம், கடைசி ‘தொம்’ சமத்தில், தாளம் தொடங்குகிற இடத்தில், பட்டென்று விழுந்தது. ரேடியோவின் ‘ஜ்ஜ்ஜிங்’ அதற்கப்புறம் வந்தது.

“பாத்தியா தாயி,” என்றார், “இத்தனை நாளா போடறான், இன்னும் கால் இடம் தள்ளித்தான் முடிக்கறான்.”