பழுப்புக் கூழைக்கடா: கலிபோர்னியக் கடற்கரைக் கேள்வி பதில்

கேள்வி: கூழைக்கடா பார்க்க சான் டியேகோவின் லா ஹோயாவுக்கு எப்போது போகலாம், அக்கா?

பதில்: டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். வளர்ந்த பறவைகளின் தொண்டைப்பை அப்போது செக்கச்செவேலென்று சிவந்திருக்கும், பின்கழுத்து கரும்பழுப்பாகியிருக்கும். காலையில் பாறை விளிம்பில் அமர்ந்து இறகு கோதும்.

கேள்வி: சிலவற்றுக்குத் தலை பழுப்பு, வயிறு வெள்ளை. வேறு இனமா?

பதில்: இல்லை, இளம்பறவைகள்.

கேள்வி: எங்கள் கூந்தன்குளத்துக் கூழைக்கடாவும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: ஒரே குடும்பம், வேறு இனம். கூந்தன்குளத்தில் இருப்பது நீந்தியபடியே மீனை அள்ளும். இதுவோ சில நேரம் 20 மீட்டர் உயரத்திலிருந்துகூடத் தலைகீழாகக் கடலில் பாயும். தோலுக்கடியில் உள்ள காற்றுப்பைகள் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். மேலே வந்ததும் பையிலுள்ள நீரை வடித்துவிட்டுத்தான் மீனை விழுங்கும். அந்த இடைவெளியில் ஹீர்மன் கடற்காகம் வந்து அலகிலிருந்தே மீனைப் பறிக்கப் பார்க்கும். பாய்ச்சலோடு பைனாகுலரை இறக்கிவிடாதீர்கள்!

கேள்வி: இந்த இனம் அழியவிருந்ததாமே?

பதில்: ஆம். 1970இல் கலிபோர்னியக் கரைக்கு அப்பாலுள்ள அனகாபா தீவில் 500க்கும் மேற்பட்ட கூடுகளில் ஒரே ஒரு குஞ்சுதான் பிழைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி ஆலையொன்றிலிருந்து டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியின் கழிவு சாக்கடை வழியே கடலில் கலந்தது. நெத்திலியில் ஏறி, அதைத் தின்ற பறவையின் உடலில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்தது. கூழைக்கடா தன் சவ்வுப் பாதங்களை முட்டைமேல் வைத்து அடைகாக்கும் பறவை. அடைகாத்த பறவையின் எடையே முட்டையை நொறுக்கியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.க்குத் தடை விதித்தது. 2009இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து இப்பறவை நீக்கப்பட்டது. இன்று அங்கே வரிசைகட்டி அலையை ஒட்டிப் பறப்பவை அந்தத் தடையால் பிழைத்த வம்சம்.

கேள்வி: பக்கத்துப் பாறையில் இறக்கையை விரித்து நிற்கும் கறுப்புப் பறவை?

பதில்: நீர்க்காகம், இறகு உலர்த்துகிறது. இனப்பெருக்கக் காலத்தில் தொண்டை நீலமாகத் தெரிந்தால் அது பிராண்ட் நீர்க்காகம்.

கேள்வி: மீன்பிடிப் பாலத்தில் என் தூண்டிலில் கூழைக்கடா சிக்கினால் என்ன செய்வது?

பதில்: தூண்டில் நரம்பை அறுத்துவிடாதீர்கள். நரம்போடு பறந்துபோனால் எங்காவது சுற்றிக்கொண்டு சாகும். மெல்ல இழுத்து, வலையால் தூக்கச் செய்து, வனவிலங்கு மீட்பாளரை அழையுங்கள். மீனை வெட்டிய பின் எஞ்சும் முள்ளையும் வீசாதீர்கள். பெரிய முள் தொண்டைப்பையைக் கிழித்துவிடும்.