ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி மகளை வீட்டிலேயே படிக்கவைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

தண்டையார்பேட்டை, மகளுக்குப் பத்து வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அனுமதி விண்ணப்பம் என்று ஒன்று தமிழ்நாட்டில் கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காதவர்களுக்கு அதில் தண்டனை இல்லை. வீட்டுக்கல்விக்கு அங்கீகாரமும் இல்லை. சட்டத்தை மீறத் தூண்டுகிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். உள்ளதைத்தான் சொல்கிறேன்.

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பலருக்கும் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். 15 வயதுக்குள் சேர்த்தாக வேண்டும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் டி.சி.யிலும் எழுத்து பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் அச்சானபின் திருத்துவது பெரிய அலைச்சல்.

டி.சி. வாங்கும் அன்றே எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் மகளுக்குள்ள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவில் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளை வைக்கும் பொதுத் தொகுப்புக்குப் பெயரை மாற்றியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். மாற்றாமல் விட்டால், பிறகு வேறு பள்ளியில் சேர்க்கும்போது பழைய பள்ளிக்கே நடக்க வேண்டிவரும்.

12½ வயது முடிந்ததும் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதலாம். ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. அதில் தேறினால் 14½ வயதில் நேரடியாகப் பத்தாம் வகுப்பு. கோட்டை விடுவது இங்கேதான்: அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அதற்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே தனியாகப் பதிந்து, ஒதுக்கிய பள்ளியில் பயிற்சிக்குப் போக வேண்டும். அந்த அறிவிப்பைத் தவறவிட்டால் ஒரு வருஷம் வீண். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தை விடாமல் பாருங்கள்.

இன்னொரு வழி என்.ஐ.ஓ.எஸ். எனப்படும், மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடங்களை ஐந்து ஆண்டுக்குள் பிரித்து எழுதலாம், தமிழும் உண்டு. கணிதம் கட்டாயமில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்; பாலிடெக்னிக்குக் கேட்பார்கள்.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர் பயிற்றுநர்கள் வீட்டுக்கு வருவார்கள். தேதி போட்ட நோட்டுகளையும் பாட அட்டவணையையும் எடுத்துக் காட்டுங்கள். கொருக்குப்பேட்டையில் பகலில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் ‘இடைநின்றது’ என்றுதான் உடனே எழுதத் தோன்றுகிறது. வசதியான பகுதியில் அதே பிள்ளையிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவே இல்லை.

நடுவில் பள்ளிக்கே திரும்ப நினைத்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். கீழ்வகுப்பில் உட்காரச் சொன்னால் அந்தப் பிரிவைச் சொல்லி, எழுத்தில் பதில் கேளுங்கள்.